பழைய படகும் டர்போ என்ஜினும்

கார்ப் பைத்தியம் பிடித்த மெக்கானிக்கல் மாணவர்களுக்கு உலகம் முழுக்க ஒரே ஒரு கனவுதான். நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு பழைய செடான் காரை மலிவாக வாங்க வேண்டும். அதில் இருக்கும் சாதுவான என்ஜினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு டர்போ என்ஜின் ஒன்றை இறக்க வேண்டும். பார்ப்பதற்கு மாமாவின் கார், மிதித்தால் புலி! அண்ணாமலைநகரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பேசுபவர்களுக்கு ஒரு செய்தி. அதே வேலை அங்கிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்துக்குள் வருடா வருடம் நடக்கிறது. காரில் அல்ல, படகில். சிதம்பரத்துக்குக் கிழக்கே முடசல்ஓடையிலும் பரங்கிப்பேட்டை அன்னங்கோயிலிலும், வடக்கே கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் விசைப்படகுகளில் என்ஜின் மாற்றம் என்பது கனவு இல்லை, பிழைப்பு.

முதலில் கார்க் கதையை முடித்துக்கொள்வோம். அது தெரிந்தால்தான் படகுக் கதை புரியும்.

கம்பெனிகளே செய்த மாற்று வேலை

என்ஜின் மாற்றுவது ஏதோ ஒர்க்‌ஷாப் பையன்களின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். பெரிய கம்பெனிகளே அதைச் செய்திருக்கின்றன. மிட்சுபிஷியிடம் கேலன்ட் விஆர்-4 என்ற பெரிய செடான் இருந்தது. 2 லிட்டர் டர்போ என்ஜின், நான்கு சக்கர இயக்கம். ராலி பந்தயங்களின் குறுகலான பாதைகளுக்கு அந்த உடம்பு கொஞ்சம் பெரிதாக இருந்தது. எனவே 1992இல் அதன் என்ஜினையும் இயக்க அமைப்பையும் எடுத்து, சிறிய லான்சர் காருக்குள் வைத்தார்கள். அதுதான் முதல் லான்சர் எவல்யூஷன். அதே ஆண்டில் சுபாருவும் தன் லெகசி காரின் டர்போ என்ஜினைச் சிறிய இம்ப்ரெசாவுக்குள் வைத்து டபிள்யூஆர்எக்ஸ் என்று பெயர் சூட்டியது.

நம் மாநிலத்துக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1998 முதல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி லான்சர், அந்தக் காலத்து ஈவோவின் ஒன்றுவிட்ட தம்பி. முகச்சாயல் ஒன்றுதான். ஆனால் திருவள்ளூர் லான்சரில் முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும், 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினின் சக்தி 90 குதிரைத்திறனுக்கும் குறைவு. ஜப்பானில் அதே சமயம் விற்ற ஈவோவுக்கு 280. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பையன்களுக்குக் கை அரிக்கிறது.

ஆனால் என்ஜினை மட்டும் மாற்றினால் கதை முடிந்ததா? அங்கேதான் ஆரம்பிக்கிறது. என்ஜினைத் தாங்கும் மவுண்ட் பொருந்தாது. ஒயரிங் பொருந்தாது. ரேடியேட்டர் போதாது. பிரேக் பற்றாது. கிளட்ச் வழுக்கும். நான்கு சக்கர இயக்கத்தில் இன்னொரு சிக்கல். இரண்டு சக்கர வண்டியில் அதிக விசை வந்தால் டயர் வழுக்கிச் சுற்றும், புகை வரும், அத்தோடு போயிற்று. நான்கு டயரும் தரையைக் கவ்விப் பிடித்தால் அந்த விசைக்குத் தப்பிக்க வழியில்லை. அது தன் வேகத்தைக் கியர்பாக்ஸின் பற்களில் காட்டும். சங்கிலியில் ஒரு கண்ணியைப் பலப்படுத்தினால் உடைப்பு அடுத்த கண்ணிக்குப் போகும், அவ்வளவுதான்.

சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். எனவே சாலையில் இந்தக் கனவுக்கு இடம் குறைவு. கடலில்?

கட்டுமரத்திலிருந்து லாஞ்சு வரை

சோழமண்டலக் கரையில் நூற்றாண்டுகளாக என்ஜின் என்றால் காற்றும் கையும்தான். பாய் விரித்துப் போவார்கள், துடுப்புப் போட்டு வருவார்கள். 1950களில்தான் விசைப்படகு என்ற பேச்சே வந்தது. 1953இல் கேரளத்தில் இந்திய - நார்வே திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கரையிலும் அரசு உதவியோடு என்ஜின் வைத்த மரப்படகுகள் இறங்கின. 1960களில் இறாலுக்கு வெளிநாட்டில் விலை கிடைக்க ஆரம்பித்ததும் இழுவலை பரவியது. கரைக்காரர்கள் வாயில் அது லாஞ்சு ஆனது.

அந்த லாஞ்சுகளுக்குள் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் லாரி என்ஜினின் அண்ணன் தம்பிதான். நெடுஞ்சாலையில் நெல் மூட்டை ஏற்றிப் போகும் அசோக் லேலண்ட் வண்டியின் ஆறு சிலிண்டர் என்ஜின் குடும்பம், கடலில் வலையை இழுத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தின் படகுகள் நொறுங்கின. நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் படகும், அதன் பின்னால் நீண்ட தண்டுள்ள சிறிய டீசல் என்ஜினும் வந்தன. அதற்குப் பிறகு, 2010களில், பெரிய படகுகளுக்கு அடுத்த அலை வந்தது. அதிகக் குதிரைத்திறன் கொண்ட டர்போ என்ஜின்கள். கரையில் அவற்றைச் சுருக்கமாக ‘சைனா என்ஜின்’ என்றார்கள். காசிமேடு தொடங்கிப் பல துறைமுகங்களில் அந்த வார்த்தை சண்டைக்குக் காரணமாகவும் ஆனது.

டர்போ என்பதில் மாயம் ஒன்றும் இல்லை. டீசலை எரித்தால் வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாக வெளியே போகிறது. அந்தப் புகையை ஒரு சின்னக் காற்றாடி மேல் மோதவிட்டால் அது சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி இருந்தால் அது வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் டீசலையும் அதிகம் எரிக்கலாம். அதே அளவு இரும்பில் கூடுதல் சக்தி. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

ஏன் இந்த ஆசை?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017இலிருந்து 61 நாள். இந்த இரண்டு மாதம்தான் படகுக்கு ஆஸ்பத்திரி வாசம். பலகை மாற்றுவது, கலப்பத்து அடிப்பது, பெயின்ட், எல்லாவற்றுக்கும் மேலாக என்ஜின் வேலை. அந்த நாட்களில் கரையில் நடக்கும் பேச்சை ஊகிப்பது கடினமல்ல.

"பக்கத்துப் படகு நமக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கரைக்கு வந்துடுது. அவன் மீன் ஏலம் போன பிறகுதான் நம்ம கூடை இறங்குது. விலை இறங்கிப் போவுது. பெரிய என்ஜினா போட்டா என்னாண்ணே?" என்று கேட்பார் படகு வைத்திருப்பவர்.

மெக்கானிக் பீடியை அணைத்துவிட்டுச் சொல்வார்: "என்ஜின் தாங்கும் தம்பி. படகு தாங்குமா?"

கேள்வி நியாயமானது, பதிலும் நியாயமானது. முதலில் வருகிற படகுக்கு நல்ல விலை. மீன் இருக்கும் இடத்துக்கு முதலில் போகிற படகுக்கு நல்ல பாடு. ஓட்டம் என்று வந்துவிட்டால் ஒருவர் மட்டும் நடந்து போக முடியாது. இதைப் பேராசை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். கடன் வாங்கிப் படகு ஓட்டுபவரின் இடத்திலிருந்து பார்த்தால் அது பேராசை அல்ல, பயம்.

கணக்கு என்ன சொல்கிறது?

இங்கேதான் கடல் சாலையிலிருந்து வேறுபடுகிறது. காரில் சக்தியை இரட்டித்தால் வித்தியாசம் முதுகில் தெரியும். தண்ணீரைக் கிழித்துப் போகும் கனமான படகில் அப்படி இல்லை. அதற்கு வேண்டிய சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி உயர்கிறது. தலைகீழாகச் சொன்னால், என்ஜின் சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் வேகம் சுமார் 26 சதவீதம்தான் கூடும். 8 நாட் போன படகு 10 நாட் போகும். அதுவும் எல்லாம் சரியாக அமைந்தால்.

அதற்கும் ஒரு கூரை உண்டு. படகு ஓடும்போது தானே எழுப்பும் அலைக்குள் தானே சிக்கிக்கொள்ளும். தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும் என்பது படகு கட்டுபவர்களின் பழைய சூத்திரம். 49 அடி என்றால் வர்க்கமூலம் 7, எல்லை சுமார் 9.4 நாட். அதற்கு மேல் போக முயன்றால் படகு தன் முன்னலை மீது மலை ஏறுவது போல மூக்கைத் தூக்கிக்கொண்டு திணறும். டீசல் மட்டும் தடையில்லாமல் போகும்.

டீசல் எவ்வளவு? 120 குதிரைத்திறனை முழுதாகக் கேட்டால் மணிக்குச் சுமார் 22 லிட்டர். 240ஐ முழுதாகக் கேட்டால் சுமார் 45 லிட்டர். ஆக, இரண்டு மடங்கு டீசலுக்குக் கிடைப்பது கால் பங்கு வேகம். நியாயமாகச் சொல்வதென்றால் வலை இழுக்கும்போது பெரிய என்ஜினால் பலன் உண்டு. பெரிய மடியை இழுக்கலாம், ஆழத்தில் இழுக்கலாம். ஆனால் "சீக்கிரம் வந்து சேரலாம்" என்ற ஆசைக்காக மட்டும் மாற்றினால், அது மிக விலை உயர்ந்த கால் பங்கு.

உடைவது எது?

மெக்கானிக்கின் கேள்விக்கு வருவோம். புது என்ஜினின் முறுக்கு விசை இரண்டு மடங்கானால், அதைச் சுமக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் விட்டமும் சுமார் கால் பங்கு பெருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 63. ஷாஃப்ட் மாறினால் அது நுழையும் குழாய் மாற வேண்டும். கியர்பாக்ஸ் மாற வேண்டும். பழைய புரொப்பல்லரை வைத்தால் என்ஜின் வெறுமனே சுற்றி ஓய்ந்துபோகும், மிகப் பெரியதை வைத்தால் சுற்ற முடியாமல் கரும்புகை கக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் என்ஜினைத் தாங்கும் கட்டை இருக்கிறது. பல வருடம் உப்பில் ஊறிய மரம். அதிர்வு அங்கேதான் போய் இறங்கும். பலகை இணைப்பு விலகினால் தண்ணீர் உள்ளே வரும். காரில் கியர்பாக்ஸ் உடைந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு நண்பனுக்குப் போன் போடலாம். வெள்ளாற்று முகத்துவாரத்தில், மணல்மேட்டின் மீது அலை உடையும் இடத்தில், ஷாஃப்ட் உடைந்தால்?

லாரி என்ஜினுக்கும் படகு வேலைக்கும் இன்னொரு வித்தியாசம். சாலையில் லாரி முழு சக்தியைக் கேட்பது ஏற்றத்தில் மட்டும்தான். இறக்கத்தில் என்ஜின் மூச்சு விடும். படகுக்கு இறக்கமே கிடையாது. விடிய விடிய ஏற்காட்டு மலைப்பாதை ஏறுவது போல. எனவே லாரிக்கு எழுதிய குதிரைத்திறன் எண்ணை அப்படியே படகுக்கு நம்பக் கூடாது. டர்போவுக்குத் தனிப் பத்தியமும் உண்டு. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தொடக்கூடிய அந்தச் சின்னத் தண்டு, ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. கரை வந்த அவசரத்தில் என்ஜினைச் சட்டென்று நிறுத்தினால் சூட்டில் அந்த ஆயில் கருகும். சில நிமிடம் ஐடிலிங்கில் விட்டு நிறுத்துவது நல்ல பழக்கம். அந்தச் சில நிமிட டீசலை மிச்சம் பிடிக்கப் போய் டர்போவையே இழந்தவர்கள் சாலையிலும் உண்டு, கடலிலும் உண்டு.

யார் பணத்தில் வேகம்?

இனி வருவதுதான் முக்கியம். கடலிலிருந்து வந்த மீன் ஏலம் போனதும் அந்தப் பணம் நேரே பங்காகப் பிரிவதில்லை. முதலில் டீசல், ஐஸ், சாப்பாடு ஆகிய செலவு கழிக்கப்படும். மீதிதான் படகுக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு. இதுதான் விசைப்படகுகளில் பொதுவான வழக்கம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். என்ஜினைப் பெரிதாக்கும் முடிவு படகுக்காரருடையது. அதற்கு வாங்கிய கடனும் அவருடையது. ஆனால் கூடுதல் டீசல் எல்லோர் பங்கிலிருந்தும் போகிறது. வலை இழுத்துக் கை காய்த்துப்போன தொழிலாளியிடம் யாரும் "அண்ணே, டர்போ போடலாமா?" என்று கேட்பதில்லை. பாடு நன்றாக இருக்கும் நாளில் இது தெரியாது. மீன் குறைந்த நாளில், செலவு போக ஒன்றும் மிஞ்சாமல் வீட்டுக்கு நடக்கும்போது தெரியும்.

அந்தப் படகில் இல்லாதவர்களும் இதில் பங்குதாரர்கள்தான். கரையிலிருந்து 5 கடல் மைல் வரை சிறு படகுகளுக்கு என்று ஒதுக்கிய கடல். இழுவலைப் படகுகள் அதற்கு அப்பால்தான் இழுக்க வேண்டும். சட்டம் 1983லிருந்து இருக்கிறது. இரவில், வேகமான படகு ஒன்று அந்தக் கோட்டுக்குள் வந்து போனால் ஃபைபர் படகுக்காரரின் வலை அறுந்து கிடக்கும். யார் அறுத்தது என்று துரத்திப் பிடிக்க அவருடைய சிறிய என்ஜினால் முடியாது. குதிரைத்திறன் வித்தியாசம் இங்கே நீதி கிடைப்பதிலும் வித்தியாசமாகிவிடுகிறது.

சுருக்குமடி வலைப் பிரச்சினையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மீன் கூட்டத்தை விரைந்து வளைத்துச் சுருக்க வேண்டிய வலை அது. எனவே அதற்கு வேகமான படகு வேண்டும். தமிழ்நாட்டில் 2000இல் தடை வந்தது. கடலூர் மாவட்டத்தில் அந்த வலையை வைத்திருந்த ஊர்களுக்கும் எதிர்த்த ஊர்களுக்கும் இடையே 2020, 2021இல் பதற்றம் இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் மீனவர்களே. பல வீடுகளில் சொந்தக்காரர்களும்கூட.

என்ஜினுக்கும் வரம்பு இருக்கிறது. தமிழ்நாட்டு மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளில் 2020இல் வந்த திருத்தம், படகின் நீளத்துக்கு 24 மீட்டர், என்ஜினுக்கு 240 குதிரைத்திறன் என்று கோடு போட்டது. காருக்குப் பிரிவு 52 எப்படியோ, படகுக்கு இது அப்படி. ஒரே வித்தியாசம், காரில் சட்டம் ‘மாற்றாதே’ என்கிறது. படகில் ‘இதற்கு மேல் போகாதே’ என்கிறது.

இந்த வரம்புகளைத் தொழிலுக்கு எதிரி என்று பேசுபவர்கள் சிதம்பரம் தேரோட்டத்தை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்க்கலாம். வடம் பிடிக்க ஆயிரம் கைகள் வரும். ஆனால் தேர் வீதி முனையில் திரும்புவதும், வீட்டுத் திண்ணையில் ஏறாமல் நிற்பதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரின் கையில்தான் இருக்கிறது. அவர்கள் தேருக்கு எதிரிகளா என்ன? பேச்சு வழக்கில் ‘முட்டுக்கட்டை’ கெட்ட வார்த்தையாகிவிட்டது. தேரடியில் அது கெட்ட வார்த்தை இல்லை.

வேறு வழி?

சும்மா இருப்பதுதான் வழி என்று சொல்ல வரவில்லை. அதே மும்மடிக் கணக்கைத் திருப்பிப் பிடித்தால் அது படகுக்காரர் பக்கம் நிற்கும். 8 நாட்டுக்குப் பதிலாக 7.2 நாட்டில் போனால் மணிக்கு ஆகும் டீசல் சுமார் 27 சதவீதம் குறையும். கடல் மைலுக்கு என்று பார்த்தால் சுமார் 19 சதவீதம். 30 கடல் மைல் தூரத்துக்குக் கூடுதலாக ஆகும் நேரம் 25 நிமிடம். அடிப்பலகையில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் சுரண்டி வைப்பது, இன்ஜெக்டரைச் சரிபார்ப்பது, படகுக்கு ஏற்ற புரொப்பல்லரைப் பொருத்துவது, அதைச் சுற்றி வளையம் போல நாசில் வைப்பது ஆகியவை டர்போ என்ஜினோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு.

அந்த 25 நிமிடம்தான் பிரச்சினை. ஏலத்தில் விலை இறங்கிவிடுமே! தனி ஒருவர் மெதுவாகப் போனால் அவருக்கு நஷ்டம், எல்லோரும் சேர்ந்து மெதுவாகப் போனால் எல்லோருக்கும் லாபம். இது என்ஜினியரிங் கேள்வி இல்லை. ஊர் கூடி முடிவு செய்ய வேண்டிய கேள்வி. நல்லவேளையாக இந்தக் கரையின் மீனவ ஊர்களில் கூடிப் பேசும் பஞ்சாயத்து வழக்கம் இன்னும் சாகவில்லை. படகு எந்த நாளில் போகக் கூடாது என்று முடிவெடுக்கத் தெரிந்த ஊர், எந்த வேகத்தில் போகலாம் என்றும் முடிவெடுக்க முடியும்.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒரு படகில் எவ்வளவு டீசல் எந்த வேகத்தில் போகிறது என்று அளக்கப் பெரிய லேப் தேவையில்லை. அளவு குறித்த ஒரு டேங்க், ஒரு ஜி.பி.எஸ்., ஒரு நோட்டு, காலையில் எழுந்திருக்கும் மனம் போதும். டர்போ போடலாமா வேண்டாமா என்று கேட்டு நிற்கும் படகுக்காரரிடம் "வேண்டாம்" என்று வெறும் வாயால் சொன்னால் அவர் கேட்க மாட்டார். அவருடைய படகின் கணக்கை அவருடைய படகிலேயே அளந்து காட்டினால், ஷாஃப்ட்டையும் கட்டையையும் தட்டிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பார்.